கொங்கு நாட்டில் பணம் போகும் வழி

2019-ம் வருஷத்துப் பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவரான பேராசிரியர் அபிஜித் பானர்ஜியை, வறுமையைப் போக்கும் முறைகளில் எது பலிக்கும், எது பலிக்காது என்று சோதித்துச் சொன்ன நிபுணராகவே உலகம் அறிந்திருக்கிறது. பரிசும் அதற்காகவே கிடைத்தது. ஆனால் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் வசிக்கும் நம்மவர் அவரை வேறொரு காரணம் பற்றியும் அறிந்திருத்தல் அவசியம். அவரும் பேராசிரியர் கைவான் முன்ஷியும் சேர்ந்து, திருப்பூர்ப் பனியன் தொழிலில் மூலதனம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை ஆராய்ந்து, 2004-ம் வருஷத்தில் ஒரு பொருளாதார சஞ்சிகையில் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூலதனம் எவ்வளவு திறமையாகப் பங்கிடப்படுகிறது என்ற கேள்வியே அக்கட்டுரையின் தலைப்பு. அவர்கள் கண்ட விடை கொங்கு நாட்டார் ஒவ்வொருவரும், முக்கியமாகப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள், ஆர அமர யோசிக்கத்தக்கது.

பொருளாதாரப் பாட புஸ்தகங்களில் பணம் தண்ணீரைப் போல வர்ணிக்கப்படுகிறது. தண்ணீர் பள்ளத்தை நாடுவது போலப் பணம் லாபத்தை நாடும் என்றும், எவன் கையில் அது அதிகம் விளையுமோ அவன் கைக்குத் தானே போய்ச் சேரும் என்றும் சொல்லுவார்கள். கவலை கட்டிக் கிணற்று நீர் இறைத்த குடும்பங்களுக்கு இந்த உபமானம் சிரிப்பையே உண்டாக்கும். தண்ணீர் தானே வருவதுமில்லை, தானே பாய்வதுமில்லை. இறைக்க ஆள் வேண்டும். மடை திறந்த பக்கந்தான் அது பாயும். பணத்தின் கதையும் அதுவே என்பதைத்தான் இரு பேராசிரியர்களும் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் தொழிலதிபர்களை அவர்கள் இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் அந்த வட்டாரத்து விவசாயக் குடிகளான கவுண்டர் சமூகத்தார். மற்றவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். துணி வியாபாரத்தில் முன்பே பழக்கமுள்ள பலர் இவர்களில் உண்டு. தொழில் ஆரம்பிக்கும்போதே முதற் பிரிவினரின் ஆலைகளில் இயந்திரமும் கட்டிடமும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தன. அனுபவம் ஏற ஏறவும் இந்த வித்தியாசம் மறையவில்லை. ஆனால் வெளியார் சிறிய அளவில் துவங்கினாலும் அவர்களுடைய ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சில வருஷங்களுக்குள் மற்றப் பிரிவினரை அவர்கள் மிஞ்சினார்கள். குறைந்த முதலைக் கொண்டு அதிகச் சரக்கைச் செய்தவர்கள் அவர்கள். பாட புஸ்தகம் சொல்லுவது மெய்யானால், அவர்களிடமே பணம் மேலும் மேலும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு சேரவில்லை. பணம் உள்ள இடத்திலேயே, உறவு முறைக்குள்ளேயே சுற்றி வந்தது.

இதைப் படித்துவிட்டு ஒரு சமூகத்தாரைக் குறை கூறப் புறப்படுவது பெரும் பிழையாகும். நிலத்தில் சேர்த்த பணத்தை வைத்திருக்கும் ஒருவருக்கு, அதை யாரிடம் கொடுத்தால் திரும்பி வரும் என்பது முதற் கேள்வி. முன்பின் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்பதைக் காட்டிலும், மைத்துனனிடமோ பங்காளியிடமோ கொடுத்து வைப்பது அவருக்குப் புத்திசாலித்தனமாகவே படும். வாங்கியவன் ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது; பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். இதைவிடக் கெட்டியான ஜாமீன் எந்தப் பாங்கியிடம் உண்டு? உறவு அங்கே பாங்கியின் வேலையைச் செய்தது. அது ஏன் அந்த வேலையைச் செய்ய நேர்ந்தது என்பதை அறியச் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1887-ல் வெளியான கோயமுத்தூர் ஜில்லா மான்யுவலை எழுதியவர் பிரெடெரிக் நிக்கல்ஸன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. கிணறு வெட்டக் கடன் வாங்கி, அக்கடனுக்கு வட்டி கட்டியே காலம் கழிக்கும் குடியானவனின் நிலைமை அவருடைய மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும். விவசாயிகளுக்குப் பாங்கிகள் ஏற்படுத்துவது சாத்தியமா என்று விசாரிக்கும் பொறுப்பைச் சென்னை சர்க்கார் பின்னர் அவரிடமே ஒப்படைத்தது. அவர் ஐரோப்பாவெங்கும் உள்ள ஏற்பாடுகளை ஆராய்ந்து, ஜெர்மனியில் ரைபைஸன் என்பவர் கிராமத்தார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும்படி அமைத்த கடன் சங்கங்களே இந்நாட்டிற்கு ஏற்றவை என்று முடிவு கூறினார். 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு இந்த யோசனை ஒரு மூலகாரணம். ஐம்பது வருஷங்கள் சென்ற பிறகு பலன் என்ன? சுதந்திர இந்தியாவில் ரிஸர்வ் பாங்கு நடத்திய கிராமக் கடன் விசாரணையின் அறிக்கை 1954-ல் வெளியாயிற்று. குடியானவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1 வீதம். வியாபாரப் பாங்கிகள் கொடுத்தது நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. நூற்றுக்கு எழுபது வீதம் போல லேவாதேவிக்காரர்களும், வட்டிக்குக் கொடுக்கும் பெரிய மிராசுதாரர்களுமே கொடுத்தனர். இது தேச முழுவதற்கும் பொதுவான கணக்கு.

இதற்கிடையே கொங்கு நாட்டில் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டது. 1929-க்குப் பின் உலகமெங்கும் விலைகள் சரிந்தபோது, பருத்தியும் நிலக்கடலையும் விலை போகாமல் கிராமத்துக் கொடுக்கல் வாங்கல் ஸ்தம்பித்துவிட்டது. தமிழ் நாட்டுக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றி 1984-ல் பெரிய நூலொன்றை வெளியிட்ட சரித்திராசிரியர் கிறிஸ்டபர் பேக்கர், கடன் கொடுத்து வந்த பணக்காரர்கள் அச்சமயம் கிராமத்தை விட்டுத் தங்கள் பணத்தை நகரத் தொழில்களுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று எடுத்துக் காட்டுகிறார். கோயமுத்தூரில் அதற்கு வேளையும் கூடி வந்தது. 1930-களின் ஆரம்பத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. ஒரே நூற்பாலை 1888-ல் ஸ்டேன்ஸ் துரையால் துவக்கப்பட்ட ஊரில், பத்து வருஷ காலத்திற்குள் வரிசை வரிசையாக ஆலைகள் எழும்பின. கிணறுகளுக்கும் மின்சார மோட்டார் வந்தது. பருத்தி விளைந்த மண்ணின் பணம் பருத்தியை நூலாக்கும் ஆலைக்குச் சென்றது. சுதேசி முதலைக் கொண்டு சுதேசிக் கைத்தொழில் வளர வேண்டுமென்று மேடைதோறும் பேசப்பட்ட காலத்தில், ஆரவாரமின்றி அதைச் செய்து காட்டிய ஜில்லா இது. அதற்குரிய பெருமையை மறுப்பவர் நாமல்லோம்.

அடுத்த தலைமுறையில் திருப்பூர் தலையெடுத்தது. 1920-களில் கதர் இயக்கத்தின் பெரிய கேந்திரமாயிருந்ததும், 1932 ஜனவரியில் கொடி பிடித்த கையோடு குமரன் தடியடிபட்டு உயிர் நீத்ததும் அவ்வூரிலேயே. பனியன் தொழில் அங்கே வேரூன்றி, பின்னர் கடல் கடந்து சென்றது. இத்தொழிலில் முதலாளிகளானவர்களில் பலர் பரம்பரைத் தனவந்தரல்லர். தோட்டத்து வேலையும் பனியன் கம்பெனிக் கூலி வேலையும் செய்த கவுண்டர் பிள்ளைகள் எவ்வாறு கூட்டுச் சேர்ந்து சொந்தத் தறி போட்டார்கள் என்பதை ஷரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் 2004-ல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். தங்கள் உயர்வுக்குக் காரணம் உழைப்பு என்று அவர்கள் சொல்லுவதையும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் உறவுக் கூட்டும் நிலமும் நிற்பதையும் அவர் சேர்த்தே பார்க்கிறார். கரூரையும் பக்கத்துக் கிராமமொன்றையும் எடுத்துக்கொண்டு, இப்பகுதியின் சமூக மாறுதல்களைத் தமிழிலேயே எழுதிய பொருளாதாரப் பேராசிரியர் எஸ். நீலகண்டன் அவர்களின் நூலும் இங்கே நினைவு கூரத்தக்கது. அன்னிய பாஷையில் எழுதி அன்னிய நாட்டு சஞ்சிகையில் புதைத்துவிடாமல், ஆராயப்பட்ட ஜனங்களே படிக்கும்படி எழுதுவது நம் பேராசிரியர்களிடம் அபூர்வமான குணம்.

ஆக, பாங்கி இல்லாத இடத்தில் உறவு பாங்கியாயிற்று. அதனால் ஒரு ஜில்லா முன்னேறிற்று. ஆனால் உறவு என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு உள்ளே இருப்பவனுக்குத் திறமை சற்றுக் குறைந்தாலும் கை கொடுக்கும்; வெளியே நிற்பவனுக்கு எவ்வளவு திறமையிருந்தும் பயனில்லை. பேராசிரியர்களின் கணக்கில் வெளியார் எனப்பட்டவர்கள், வேறிடத்துச் சொந்தச் செல்வாக்குடன் வந்தவர்கள். அவர்களுக்கே முதல் கிடைப்பது கஷ்டமென்றால், இரண்டு கணக்கிலும் இடம் பெறாதவர்களின் கதி என்ன? தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலையும் பண்ணை வேலையும் செய்து, காணி நிலமும் இல்லாமல் நிற்கும் அருந்ததியர் இந்த மண்ணுக்குப் புதியவரல்லர். அவர்களில் இருபது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்து தொழிலின் நுணுக்கமெல்லாம் கற்றவன், பத்து மெஷின் போடப் பணம் தேடினால் எந்த மைத்துனனிடம் போவான்?

அவனுக்காகத்தான் 1969 ஜூலை 19-ந் தேதி 14 பெரிய பாங்கிகள் தேசிய மயமாக்கப்பட்டன என்று நினைத்தோம். கிளைகள் கிராமங்களுக்கு வந்தன என்பது உண்மை. பாங்கிகள் கொடுக்கும் கடனில் நூற்றுக்கு 40 வீதம் முன்னுரிமைத் துறைகளுக்கு என்று விதியும் ஏற்பட்டது. ஆயினும் மானேஜர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, தொழில் தெரியுமா என்பதன்று. சொத்துப் பத்திரம் உண்டா என்பதே. ஈடில்லாத சிறு தொழில் கடனுக்கு 2000-ம் வருஷத்திலிருந்து சர்க்கார் உத்தரவாத நிதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிலமுள்ளவனிடமே நம்பிக்கை வைக்கும் பழக்கம் ஒரு சுற்றறிக்கையால் போய்விடுமா? பாங்கியும் நிலமுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு பங்காளியாகிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

உறவும் பாங்கியும் கைவிட்டவனுக்கு மிஞ்சியிருந்தது கை ரொக்கம். வாரக் கூலி, நூல் பாக்கி, தையல் கூலி எல்லாம் ரொக்கத்திலேயே நடந்தன. 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 வீதம் ஒரே இரவில் முடங்கிற்று. கறுப்புப் பணம் திரும்பி வராது என்றார்கள். செல்லாத நோட்டில் நூற்றுக்கு 99 வீதத்துக்கு மேல் பாங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டதாக ரிஸர்வ் பாங்கே பின்னர் தெரிவித்தது. பெரிய ஏற்றுமதியாளருக்குப் பாங்கிக் கணக்கு இருந்தது, அவர் தப்பினார். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய சிறு பட்டறைக்காரரின் கையில் என்ன இருந்தது? எட்டு மாதம் கழித்து, 2017 ஜூலை முதல் தேதி புதிய சரக்கு சேவை வரியும் வந்தது. பொருளாதார சாஸ்திரத்தில் பணத்தைப் பற்றிய அத்தியாயம் தனியே, ராஜ்ய நிர்வாகத்தைப் பற்றிய அத்தியாயம் தனியே அச்சிடப்பட்டிருக்கிறது. சிறு பட்டறைக்காரருக்கு இரண்டும் ஒரே அத்தியாயமாகவே வந்து சேர்ந்தன.

இதுவரை, கடன் யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பற்றிப் பேசினோம். கொங்கு நாட்டில் கடனை யார் கொடுக்கிறார்கள் என்பது இதனினும் முக்கியமான விஷயம். பேராசிரியர்களின் கணக்கில் வராததும் அதுவே. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரரைப் பாருங்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் தருவார். இவர் தம் தறியில் தம் மின்சாரச் செலவில் நெய்து கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் இவர்கள் தறிகளை நிறுத்த நேர்ந்தது. திருப்பூரில் சாயப் பட்டறை, தையல், காஜா, பட்டன், பிரிண்டிங் என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு சிறு பட்டறைக்குப் போகிறது. வேலை முடிந்து சரக்குத் திரும்பிய பின் பணம் வருவதற்கு இரண்டு மாதமாகலாம், நான்கு மாதமாகலாம். அந்த நாட்களுக்கெல்லாம் வட்டி யார் கட்டுகிறார்? சிறியவர் கட்டுகிறார். அதாவது, வட்டிக்கு வாங்கிய தம் பணத்தைப் பெரியவருக்கு வட்டியில்லாமல் கடனாகக் கொடுத்து வைத்திருக்கிறார்.

ஆலைகளில் வேலைக்கு வந்த இளம் பெண்களின் கதை இதைவிட வேதனையானது. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் சூட்டி, மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி, கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் ஜில்லாக்களின் நூற்பாலைகள் பல ஏழைப் பெண்களை அழைத்துக்கொண்டன. 2000-க்குப் பிந்திய வருஷங்களில் இது பெரிய கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அடைத்து வைத்து வேலை வாங்குவதைப் பற்றியும், நோயுற்று நடுவில் வெளியேறினவர்களுக்குத் தொகை மறுக்கப்பட்டதைப் பற்றியும் அப்போது மிகுதியாகப் பேசப்பட்டது. பணக் கணக்காக அதைப் பார்த்தவர்கள் குறைவு. மூன்று வருஷத்து உழைப்பின் கூலியில் ஒரு பகுதியை அந்தப் பெண் ஆலையிடம் விட்டு வைக்கிறாள். வட்டி கிடையாது, ஈடு கிடையாது, பத்திரம் கிடையாது. பதினெட்டு வயதுப் பெண் ஆலை முதலாளிக்குக் கொடுத்த கைமாற்றுக் கடன் அது. அவள் போய் அதே ஆலையிடம் ஆயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்டிருந்தால், அவளிடம் என்ன ஈடு கேட்டிருப்பார்கள்!

எளியவன் வலியவனுக்குக் கடன் கொடுப்பது தேச சரித்திரத்திற்கும் புதிதன்று. இரண்டாவது மகாயுத்த காலத்தில் நம் நாட்டுத் துணியும் தானியமும் பிற சாமான்களும் பிரிட்டனின் யுத்தச் செலவுக்காகப் போயின. அவற்றுக்குக் கைமேல் விலை கிடைக்கவில்லை. லண்டனில் நம் பேருக்குக் கணக்கெழுதி வைத்தார்கள். யுத்தம் முடிகையில் அந்த ஸ்டெர்லிங் பாக்கி சுமார் 130 கோடி பவுனாக ஏறியிருந்தது. வங்காளத்தில் லக்ஷக் கணக்கான ஜனங்கள் பட்டினியால் மடிந்த அதே காலத்தில், இந்தியா பிரிட்டனுக்குக் கடன் கொடுத்த தேசமாயிற்று! 1944-ல் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸில் உலக நாணய மகாநாடு கூடியபோது, இந்தப் பாக்கியை வசூலிக்கச் சர்வதேச ஏற்பாடு வேண்டுமென்று இந்தியப் பிரதிநிதிகள் வாதாடினார்கள். கோயமுத்தூர்க்காரரும், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாகப் பின்னர் விளங்கியவருமான ஆர். கே. சண்முகம் செட்டியார் அந்தப் பிரதிநிதிகளில் ஒருவர். அது நமக்கும் பிரிட்டனுக்கும் உள்ள விஷயமென்று கூறி, கீன்ஸ் போன்ற மகா நிபுணரே அதைத் தள்ளிவிட்டார். வாங்கின கடனுக்குத் தவணை சொல்லும் உரிமையும் வாங்கியவனுக்கே இருந்தது. சோமனூர்த் தறிக்காரர் இந்த வாதத்தை நன்றாக அறிவார். உற்பத்தியாளரும் அவரிடம், "நமக்குள் என்ன சட்டம்? பார்த்துச் செய்வோம்" என்றுதான் சொல்லுவார்.

சட்டமோ இருக்கிறது. 2006-ம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, சரக்கு வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். பதினெட்டு வருஷங்கள் இது ஏட்டிலேயே இருந்தது. தவணைக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷத்துச் செலவாக வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்ற திருத்தம் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிறகுதான் வாங்குவோருக்குச் சுரணை வந்தது. உடனே, பதிவு செய்துகொண்ட சிறு தொழிலாளரை விட்டுப் பதிவில்லாதவரிடம் வேலையைத் திருப்பிவிடுவார்களோ என்ற பயமும் எழுந்தது. பயம் நியாயமே. கேட்டால் வேலை போய்விடும் என்பவன் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? சிறியவருக்கு வரவேண்டிய பில்களைப் பாங்கிகள் போட்டி போட்டு வாங்கிக்கொண்டு முன்பணம் தரும் ஏற்பாட்டை ரிஸர்வ் பாங்கு அனுமதித்துச் சில வருஷங்களாக நடந்து வருகிறது. அதுவும் பெரிய கம்பெனிகளின் பில்லுக்கே சௌகரியமானது. காஜாக்காரருக்குப் பாக்கி வைத்திருப்பவர் பெரிய கம்பெனியல்லர். தாமும் வேறொருவரிடம் பணத்துக்குக் காத்து நிற்கும் நடுத்தர ஒப்பந்தக்காரர்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு நூற்றுக்கு 50 வீதம் வரி விதித்தபோது, இந்தச் சங்கிலி முழுவதும் ஒரு முறை ஆட்டங்கண்டது. கடல் கடந்த வியாபாரி விலையில் தள்ளுபடி கேட்டார். ஏற்றுமதியாளர் ஒப்பந்தக்காரரிடம் கேட்டார். ஒப்பந்தக்காரர் பட்டறையில் கேட்டார். பட்டறைக்காரர் யாரிடம் கேட்பார்? பாக்கி கீழே கீழே தள்ளப்பட்டுக் கடைசிப் படியில் இருப்பவரின் கழுத்தில் வந்து விழுந்தது. சர்க்காரின் சலுகைகளைப் பற்றி அப்போது பேசியவர்கள் ஏற்றுமதியாளரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகையால் புதிய கடன் மேளாக்களைக் காட்டிலும், நடக்கிற கடனின் கணக்கைப் பகிரங்கமாக்குவதே முதற் காரியமென்பது நம் அபிப்பிராயம். ஒவ்வொரு ஜில்லாவிலும் முன்னோடிப் பாங்கி ஒன்று இருக்கிறது. வருஷந்தோறும் இத்தனை கோடி ரூபாய் கடன் வழங்கப்படும் என்று ஒரு திட்டம் அச்சாகிறது. தொகை பெரிதாக இருக்கிறது, படமும் போடுகிறார்கள். அதில் நிலத்தையும் வீட்டையும் ஈடாகக் கொண்டு கொடுத்தது எவ்வளவு, கையிலுள்ள ஆர்டரையும் வரவேண்டிய பில்லையும் மட்டும் நம்பிக் கொடுத்தது எவ்வளவு, முதல் தலைமுறைத் தொழில்காரருக்குப் போனது எவ்வளவு, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் போனது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். சர்க்கார் சலுகை பெறும் ஏற்றுமதியாளர் ஒவ்வொருவரும் பட்டறைகளுக்கு வைத்துள்ள பாக்கியையும், அது எத்தனை நாள் பாக்கி என்பதையும் சேர்த்தே தெரிவிக்கும்படி விதிக்க வேண்டும். 45 நாள் தவறினதைக் கவனிக்கும் பொறுப்பைப் பணத்துக்கு ஏங்கி நிற்பவன் தலையில் கட்டாமல், சலுகை கொடுக்கும் அதிகாரியிடமே விட வேண்டும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு அங்கத்தினர்கள் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இந்த மூன்று கணக்குகளையும் கேட்கட்டும். கேட்பதற்கு எந்தக் கட்சியின் அனுமதியும் தேவையில்லை.